திருநாளின் மணம்

(மகாவீரர் நிர்வாணத் திருநாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் அறிஞர் பெருமக்கள் ஆகமங்களின் உட்பொருளை விளக்கி வந்திருக்கிறார்கள். நான் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். தத்துவ விளக்கம் தரும் தகுதி எனக்கில்லை. ஓராண்டாக என் மனத்தை உறுத்திவரும் ஒரு வீட்டுச் செய்தியை உங்கள் முன் வைக்கவே வந்திருக்கிறேன்.

என் பேத்திக்கு எட்டு வயது. ஒவ்வொரு திருநாளுக்கும் உரிய மணம் எது என்று எழுதிவருமாறு சென்ற ஆண்டு அவள் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். பொங்கலுக்குப் ‘புதுப்பானையில் பால் பொங்கும் மணம்’ என்று எழுதியிருந்தாள். தீபாவளிக்கு ‘வெடிமருந்துப் புகை’ என்று எழுதியிருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் எவரும் வெடி கொளுத்தியதில்லை. ஆயினும் அந்தக் குழந்தை பொய் எழுதவில்லை. தெருவிலிருந்து சன்னல் இடுக்கு வழியே வந்த புகையைத்தான் அவள் அறிவாள். வீட்டுக்குள் அவள் நுகர்வதற்கென்று நாங்கள் எதையும் வைக்கவில்லை. கடையில் வாங்கிய இனிப்பு, மின்விசையில் ஒளிரும் விளக்கு, புட்டியிலிருந்து பீச்சும் வாசனை நீர், இவையே எங்கள் திருநாளாக இருந்தன. நமது வீட்டின் வெற்றிடத்தைத் தெரு நிரப்பிவிட்டது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

அவள் வயதில் எனக்குத் தெரிந்த தீபாவளி வேறு. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் எங்கள் பாட்டியாரின் வீடு இருந்தது. ஐப்பசி மழையில் மண் நனைந்திருக்கும். திருநாளுக்கு முதல்நாள் பகலிலேயே வீட்டில் மணங்கள் ஒவ்வொன்றாக எழும். சாணம் மெழுகிய திண்ணை காலையில் மணக்கும். அடுத்து ஓமமும் மிளகும் இட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். பின்னர் வெந்தயமும் உலர்ந்த ஆவாரம்பூவும் கலந்து இடித்த சிகைக்காய். அதன் தூள் மூக்கில் ஏறித் தும்மாத குழந்தை எங்கள் வீட்டில் இல்லை. பிற்பகலில் அதிரசத்திற்கு வெல்லப்பாகு காயும். அதில் ஏலமும் சுக்கும் விழும்போது வாசல்வரை மணக்கும். பச்சை இஞ்சி எங்கள் அடுக்களைக்குள் வந்ததில்லை, சுக்கு வரும். கதிரவன் மறையுமுன் அடுப்பு அணைந்துவிடும்.

அடுப்பு அணைந்தபின் பாட்டியார் சந்தனக்கல்லை எடுத்து வைப்பார். வட்டமான கல்; நடுவில் நான்கு தலைமுறை தேய்த்த குழி. விரல் நீளச் சந்தனக் கட்டையை வடிகட்டிய நீரில் நனைத்து அதில் இழைப்பார். முதலில் ஈரக்கல்லின் மணந்தான் வரும். சந்தனம் மெல்ல, மிகவும் பிந்தித்தான் வரும். “அவசரப்பட்டு அழுத்தாதே, அம்மா. கட்டை தேயும், மணம் வராது” என்பார். நான் அழுத்தாமல் இழைக்கக் கற்றுக்கொள்ள மூன்று தீபாவளிகள் ஆயின.

இரவில் பவளமல்லி மரத்தடியில் வெள்ளைத் துணி விரிப்பார்கள். பவளமல்லி இரவில் மலர்ந்து விடியலில் தானே உதிர்வது. கிளையைத் தொடாமல், மலரைக் கிள்ளாமல், துணியில் விழுந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

விடியலுக்கு முன் எழுந்து எண்ணெய் முழுக்காடி, சந்தனக் கிண்ணத்தையும் மலர்த்தட்டையும் ஏந்தி ஜினாலயம் செல்வோம். பாவாபுரியில் பெருமான் வீடுபேறு எய்திய பொழுது அதுவே, இரவின் கடைப்பொழுது. மரபுக் கணக்குப்படி கி.மு. 527. அந்நாளின் நினைவாக விளக்கேற்றி வழிபடும் வழக்கத்தைச் சக ஆண்டு 705-இல், அதாவது கி.பி. 783-இல் ஜினசேனர் தம் ஹரிவம்ச புராணத்திலேயே குறித்திருக்கிறார். நாங்கள் வீடு திரும்பும்போது கதிரவன் தோன்றியிருப்பான். அதன் பின்னரே அடுப்பு மூட்டுவார்கள். அதற்கு முன் ஒவ்வொரு விறகையும் பாட்டியார் தரையில் தட்டுவார். எறும்போ வண்டோ இருந்தால் இறங்கிப் போகட்டும் என்று சிறிது நேரம் காத்திருப்பார். முதற் கங்கு சாம்பிராணிக்கு. ஈரத்தலையோடு வரிசையாக அமர்ந்திருக்கும் எங்களிடம் அந்தத் தூபக்கால் ஒவ்வொருவராக நகர்ந்து வரும்.

வளர்ந்தபின் ஓர் உண்மை எனக்கு விளங்கியது. அந்த மணங்கள் யாவும் தேர்ந்தெடுக்கப்பட்டவை. கஸ்தூரி ஆண்மானின் உடலிலிருந்து எடுப்பது. புனுகு, பூனையைக் கூண்டில் அடைத்து வழித்தெடுப்பது. இவை எவ்வளவு உயர்ந்தனவாகப் பேசப்பட்டாலும் எங்கள் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. “ஓர் உயிரை வருத்தி வந்த மணத்தைப் பெருமான் முன் எப்படி வைப்பது?” என்று பாட்டியார் ஒருமுறை கேட்டார். அவர் நூல் கற்றவர் அல்லர். கொல்லாமையை எங்களுக்கு மூக்கின் வழியாகவே கற்பித்துவிட்டார்.

மணத்திற்கு மட்டும் இத்தகைய ஆற்றல் எப்படி வாய்த்தது? காட்சியும் ஒலியும் தொடுவுணர்வும் மூளையில் தலாமசு என்னும் நிலையத்தைக் கடந்தே மேற்செல்கின்றன. மணமோ அங்கே நில்லாமல், உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் பகுதிகளை நேரே சென்று தொடுகிறது. மணம் எழுப்பும் நினைவுகள் முதற் பத்து ஆண்டுகளிலேயே மிகுந்து காணப்படுகின்றன என்று ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். ஆகவே நம் குழந்தைகளுக்குத் திருநாளை மணமாகக் கொடுக்கும் காலம் மிகவும் சிறிது. என் பேத்திக்கு எட்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன.

சந்தனக்கல்லின் நினைவு வந்தது. இங்கே நான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பாட்டியார் மறைந்து ஊர் வீட்டை விற்றபோது, பொருள்களைப் பங்கிட உறவினர் கூடினோம். பித்தளை அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் விருப்பம் சொல்லப் பலர் இருந்தனர். கல்லை நீட்டி, “உனக்கு வேண்டுமா?” என்று என் தமையனார் என்னைத்தான் கேட்டார். நகரத்து வீட்டில் கனமான கல்லை எங்கே வைப்பது என்று எண்ணி, வேண்டாம் என்றேன். அது என்னவாயிற்று என்றுகூட நான் பின்னர் விசாரிக்கவில்லை.

சென்ற தை மாதம் பேத்தியை அழைத்துக்கொண்டு ஊருக்குச் சென்றேன். ஜினாலயத்தில் காலை வழிபாட்டிற்கு உபாத்தியாயர் சந்தனம் இழைத்துக்கொண்டிருந்தார். குழியைக் கண்டதும் கல்லை அறிந்துகொண்டேன். வீட்டை வாங்கியவர் அதைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டாராம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது நாள்தோறும் இழைபட்டுக்கொண்டிருந்திருக்கிறது. திரும்பக் கேட்க ஒரு கணம் நாவெழுந்தது. கேட்கவில்லை. என் வீட்டில் இருந்திருந்தால் அது பரண்மேல் உலர்ந்து கிடந்திருக்கும். அன்று மட்டும் இழைத்துத் தர இசைவு கேட்டேன். உபாத்தியாயர் நகர்ந்து இடம் தந்தார். பேத்தி என் அருகில் அமர்ந்து கட்டையைப் பிடித்தாள், அழுத்தினாள். “அவசரப்பட்டு அழுத்தாதே, அம்மா” என்றேன். சொன்னது என் குரலாகத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் ஒரு புதிய கல் வாங்கினோம். முதற் சில நாள்கள் சந்தனத்தில் மணல் நெருடியது. இப்போது நெருடவில்லை. குழி விழ நான்கு தலைமுறை ஆகும்.

நம் மரபு நன்கறிந்தவர்கள் இங்கே ஓர் ஐயம் எழுப்பலாம். மணம் என்பது புற்கலத்தின் பண்பு. ஆன்மாவுக்குச் சுவையுமில்லை, நிறமுமில்லை, மணமுமில்லை என்று குந்தகுந்த ஆசாரியர் சமயசாரத்தில் தெளிவுறுத்தியிருக்கிறார். அவர் திருவடிகளைப் பொன்னூர் மலையில் வணங்கும் நாம் மணத்தில் பற்று வைக்கலாமா? நியாயமான வினா. நம் எண்வகை அருச்சனையே அதற்கு விடை தருகிறது. சந்தனம் பிறவி வெப்பம் தணிய வேண்டிப் படைப்பது. தூபம் எண்வினைகளும் எரிந்தொழிய வேண்டி இடுவது. சாம்பிராணி தான் எரிந்து தீர்கிறது; எதையும் சேர்த்து வைப்பதில்லை. மணத்தை வாயிலாகக் கொண்டு உள்ளே செல்கிறோம், வாயிலிலேயே தங்கிவிடுவதில்லை. ஆனால் குழந்தைக்கு ஒரு வாயில் வேண்டும்.

ஆதலால் ஒவ்வொரு குடும்பத்தையும் ஒன்று வேண்டுகிறேன். அடுத்த திருநாளில் ஒரு மணத்தையேனும் உங்கள் கையால் உண்டாக்குங்கள். விரல் நீளச் சந்தனக் கட்டை பல ஆண்டுகளுக்கு வரும். தொட்டியில் மரிக்கொழுந்து வளர்க்கலாம். அடுக்ககத்தில் கங்கு இடுவோர் சன்னல்களைத் திறந்து வைத்துச் சிறிதளவே இடுங்கள். மூடிய அறையில் கரிப்புகை நஞ்சாகும். மூச்சிளைப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில் புகையே வேண்டா. இழைத்த சந்தனமும் ஏலமும் போதும். எதைச் செய்தாலும் குழந்தையைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, அதன் கையாலேயே செய்வியுங்கள்.

இன்று விடியலில் என் பேத்தி எனக்கு முன் எழுந்து கல்லை நனைத்து வைத்திருந்தாள். அவள் இழைத்த சந்தனம் இதோ, இந்த மேடையில் பெருமானின் திருவுருவின் முன் கிண்ணத்தில் இருக்கிறது. சற்று நீர்த்துத்தான் இருக்கிறது. உரை முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு துளி எடுத்துக்கொள்ளுங்கள்.

அறம் வளர்க.