இருதய மருந்து உண்போர் அறிய வேண்டுவன
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேசப் புகுந்தது இலக்கியமன்று. நம்மவர் இல்லங்கள் பலவற்றில் நாடோறும் உண்ணப்படும் ஒரு சிறு மாத்திரையைப் பற்றியதே. மருத்துவரல்லாத யாம் இதனைப் பேசத் துணிந்தது, எம் பிழையால் யாமே துன்புற்றமையால்.

இரத்த அழுத்தத்திற்காக எமக்கு மெட்டோபுரோலால் என்னும் மருந்து விதிக்கப்பட்டிருந்தது. சென்ற ஆண்டு உறவினர் திருமணத்திற்குச் சென்றகாலை மாத்திரைகளை வீட்டிலேயே மறந்து போந்தோம். உடல் நலமாக இருந்தமையின், சின்னாள் உண்ணாவிடின் என்ன என்று வாளாவிருந்தோம். நான்காம் நாளிரவு நெஞ்சு படபடத்தது. மார்பை இறுக்கும் வலியும் தோன்றிற்று. அவ்வூர் மருத்துவர் தக்க காலத்தில் உதவினமையால் பிழைத்தோம். மருந்தைத் திடீரென நிறுத்தியதே காரணம் என்றார் அவர்.

அஃது எவ்வாறெனின், அட்ரினலின் என்னும் சுரப்புநீர் இருதயத்தை விரைந்து ஓடச் செய்வது. இம்மருந்து அதனைத் தடுத்து நிற்பது. இவ்வினத்தைச் சார்ந்த புரோபிரனலாலை 1960-களில் ஆக்கித் தந்த ஸ்காத்லாந்து அறிஞர் ஜேம்ஸ் பிளாக், 1988-இல் நோபெல் பரிசு பெற்றோருள் ஒருவர். நெடுநாள் தடுக்கப்பட்ட இருதயம் அட்ரினலினுக்கு மிக எளிதில் துடிப்பதாகிவிடும். அந்நிலையில் தடையை நீக்குவது, நிறைந்த ஏரியின் கரையை வெட்டுவதை ஒக்கும், மாரடைப்பும் நேரலாம். ஆதலின், நிறுத்த வேண்டின் மருத்துவர் சொற்படி ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைத்தே நிறுத்துக. ஒருவேளை மறந்தால் மறுவேளை இரட்டித்து உண்ணற்க. நீண்ட நேரம் வேலை செய்யுமாறு அமைந்த மாத்திரையை மென்றோ பொடித்தோ உண்ணலாகாது.

இனி, இதனோடு எளிதிற் பொருந்தாத மருந்துகள் சில உள. வெராபமில், டில்டியாசெம், டிகாக்சின் என்பன உடன் சேரின் நாடி அளவின்றித் தளரக்கூடும். மூட்டுவலிக்கென நாமே கடையில் வாங்கும் இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் முதலியன இரத்த அழுத்தத்தை ஏற்றி இதன் பயனைக் குறைக்கும். கண்ணழுத்த நோய்க்கு இடும் டிமலால் சொட்டு மருந்தும் இவ்வினத்ததே. கண்ணில் இட்டது இரத்தத்திலும் கலக்கும். இதனை அறிந்தார் சிலரே.

ஆஸ்துமா என்னும் இரைப்பு நோயுடையார் அதனை மருத்துவரிடம் முன்னரே உரைத்தல் வேண்டும். இம்மருந்து மூச்சுக்குழலைச் சுருக்கக் கூடும். நீரிழிவுடையார்க்குச் சர்க்கரை தாழுங்கால் அறிகுறியாகத் தோன்றும் படபடப்பை இது மறைத்துவிடும், வியர்வையோ மறையாது. அவ்வியர்வையையே அடையாளமாகக் கொள்க. தலைசுற்றல் நேராவண்ணம் படுக்கையினின்று மெல்ல எழுக. மயக்கம் வரினும், நாடி நிமிடத்திற்கு 50-க்குக் கீழ்த் தாழினும் மருத்துவரை நாடுக. அறுவை சிகிச்சைக்கு முன்னும் இம்மருந்தைத் தாமே நிறுத்தாது, மருத்துவருக்கு அறிவித்து அவர் சொற்படி நடக்க.

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் ஆகிய நால்வகையையும் சேர்த்தே மருந்தென வகுத்தார் வள்ளுவனார். அந்நான்காமவர், தாய்மார்களே, பெரும்பாலும் நீங்களே. பெரியோர் உண்ணும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்துட்பட, ஒரு தாளில் எழுதி அவர்தம் சட்டைப்பையில் வையுங்கள். எந்த மருத்துவரிடம் சென்றாலும் அத்தாளை முதலிற் காட்டுங்கள். ஊருக்குப் புறப்படுங்கால் துணிமணிக்கு முன்னே மாத்திரையை எடுத்து வையுங்கள். எம் இல்லத்தில் இப்பொழுது அதுவே வழக்கம்.