வாக்குறுதிக்கு விலை கொடுப்பவர் யார்?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



தேர்தல் வந்ததும் ஒவ்வோர் அபேட்சகரும் ஒரு விஞ்ஞாபனத்தோடு நம் வாயிலுக்கு வருகிறார். பசளை இனாம் என்கிறார். வரி குறையும் என்கிறார். “சொன்னதைச் செய்வாரா?” என்று மட்டுமே நாம் கேட்கிறோம். அந்தக் கேள்வி போதாது என்பதைச் சொல்லவே வந்தேன். சொன்னதைச் செய்யாதவரால் இந்நாட்டு மக்கள் அல்லற்பட்டதுண்டு. சொன்னதைச் செய்தவரால் நாடே கடனாளியாகி நின்றதும் உண்டு.

1952 மே மாதத் தேர்தலில், பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்துக்குத் தொடர்ந்து கிடைக்கும் என்று கூறி டட்லி சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி வென்றது. கொரிய யுத்தகாலச் செழிப்பு மறைந்து றப்பர் விலை வீழ்ந்தது. வெளிநாட்டு அரிசியின் விலையோ ஏறியே நின்றது. 1953 ஜூலையில் நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா கொத்தின் விலையை 70 சதமாக்கினார். ஆகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தாலினால் நாடு ஸ்தம்பித்தது, உயிர்கள் பலியாயின. அக்டோபரில் பிரதம மந்திரி பதவி துறந்தார். உலகச் சந்தை தீர்மானிக்கும் ஒரு விலையைத் தம் கைக்குள் இருப்பதாகக் காட்டி வாக்களித்ததே அங்கு நேர்ந்த பிழை.

இனி 2019 ஐப் பாருங்கள். அவ்வாண்டு நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற கோட்டாபய ராஜபக்ஷ, பெறுமதி சேர் வரியை 8 வீதமாக்குவதாகத் தம் விஞ்ஞாபனத்தில் கூறினார். வென்றதும் டிசம்பரிலேயே 15 வீதத்தை 8 வீதமாக்கினார். ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபா விற்பனையுள்ள வியாபாரிக்கே இருந்த வரிப்பதிவுக் கடமை, 30 கோடிக்கு மேல் விற்பவருக்கு மட்டும் என்றாயிற்று. சம்பளத்தில் கழிக்கப்பட்ட வரியும் நீங்கிற்று. இங்கு அமர்ந்திருக்கும் வைத்தியரும் பொறியியலாளரும் அன்று மகிழ்ந்திருப்பர். ஆனால் அந்த மிச்சம் திறைசேரியிலிருந்து வந்த பணம் அல்லவா? 2020 இல் கொரோனா நோய் உல்லாசப் பிரயாண வருவாயையும் கெடுத்தது உண்மை. ஆயினும் அது முன்னரே ஓட்டை விழுந்த கலத்தில் விழுந்த அடி. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டுச் சென்று பதவி துறந்தார். 8 வீத வரி படிப்படியாக ஏறி, 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. உத்தியோகத்தர் பெற்ற சலுகைக்குச் சவர்க்காரக் கட்டி வாங்கும் கூலிப்பெண் விலை கொடுத்தாள்.

அதே விஞ்ஞாபனம் பசளை இலவசம் என்றது. 10 ஆண்டுகளில் சேதன விவசாயத்துக்கு மாறுவோம் என்றும் சொன்னது. சேதனப் பசளை தீயதன்று. மாட்டெருவும் குழையும் தாழ்த்தே நம் பாட்டனார் மண்ணைக் காத்தனர். ஆனால் அந்தப் 10 ஆண்டு எங்கே போயிற்று? 2021 ஏப்ரலில் தீர்மானம். மே 6 இல் வர்த்தமானி. இரசாயனப் பசளையின் இறக்குமதிக்குத் தடை. நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. பயிர் யூரியாவைக் கேட்கும் நாளில் இடாது, பிந்தி இட்டால் என்ன விளையும் என்பதை இரணைமடுவின் கீழும் கட்டுக்கரைக் குளத்தின் கீழும் வயல் செய்வோருக்கு நான் சொல்லித் தரவேண்டுமா?

ஆகையால், வரும் அபேட்சகரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதற்குப் பணம் எங்கிருந்து வரும்? எத்தனை ஆண்டில், எந்த ஒழுங்கில் செய்வீர்? இதனால் நட்டப்படுபவர் யார்? வரியைக் குறைப்பேன் என்பவர், அந்த வரியால் நடக்கும் எந்தப் பள்ளிக்கூடத்தை, எந்த ஆஸ்பத்திரியைக் குறைப்பார் என்று சொல்லட்டும். பொருள்களை மலிவாக்குவேன் என்பவர், வெங்காயமும் மிளகாயும் எந்த மாதத்தில் இறக்குமதியாகும் என்று சொல்லட்டும். 1977 இன் பின் இறக்குமதிக் கதவு திறந்தபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் பட்ட பாட்டை நாம் மறந்துவிடலாகாது.

இன்னொன்றும் சொல்வேன், சிலருக்குக் கசக்கலாம். நம்மவர் நம்மிடம் வந்து மொழி, காணி, அதிகாரம் என்று பேசும்போது, மேற்சொன்ன கேள்விகளில் ஒன்றையேனும் நாம் கேட்பதில்லை. அவை உயிரான உரிமைகளே. அவற்றை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் உரிமை பேசுபவர் கணக்குப் பேச வேண்டியதில்லை என்று யார் விதித்தது? காணி மீண்டபின் அங்கே எதை விளைவிப்பது, விளைந்ததை எங்கே விற்பது, படித்த பிள்ளை எந்தத் தொழிலுக்குப் போவது? இவற்றுக்கு விடையில்லாத தலைமை, உரிமை கிடைக்கும் நாளிலும் வெறுங்கையோடுதான் நிற்கும்.

கமக்காரர் விதைநெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தே வாங்குவர். உத்தியோகத்தர் ஒப்பமிடுமுன் பத்திரத்தை வாசிப்பர். வாக்குச் சீட்டில் புள்ளடியிடும்போது மட்டும் இவ்விரு நற்பழக்கங்களையும் வீட்டிலே விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று கேட்டு அமர்கிறேன்.