பெயர் இல்லாத தகப்பன்

கிறிஸ்தவப் போதனையில் விசுவாசம் மூன்று படிகளால் ஆனது. சொல்லப்பட்டதை அறிவது முதல் படி. அது உண்மைதான் என்று ஒப்புவது இரண்டாம் படி. சொன்னவரை நம்பித் தன்னையே ஒப்படைப்பது மூன்றாம் படி. சீர்திருத்தக் காலத்துக்குப் பின்வந்த இறையியலார் இப்படிப் பிரித்துக் காட்டினார்கள். முதல் இரண்டு படி பிசாசுக்கும் உண்டு! கடவுள் ஒருவரே என்பதில் பேய்களுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை, அந்த நினைப்பில் அவை நடுங்கவும் செய்கின்றன என்று யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எழுதிவைத்துவிட்டார். கடவுள் இருக்கிறார் என்று ஒத்துக்கொள்வது மட்டுமே விசுவாசம் என்றால், விசுவாசிகள் பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று சொல்லவே வேண்டாம்.

அவிசுவாசத்திலும் வகை உண்டு. கேட்டும் மறுக்கிறவன் ஒருவன். கேட்கவே வாய்ப்புக் கிடைக்காதவன் இன்னொருவன். இருவரையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது, கேள்விப்படாதவனின் அவிசுவாசம் பாவக் கணக்கில் சேராது என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் எழுதினார். விசுவாசம் மனம் ஒப்பிச் செய்யும் செயல், ஆகையால் ஏற்காதவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொன்னார். ஏற்றபின் விலகியவர்கள் விஷயத்தில் அதே அக்குவினாஸ் ஈவிரக்கம் காட்டவில்லை, அதையும் மறைப்பதற்கில்லை.

இந்த இருவரையும் தவிர மூன்றாமவன் ஒருவன் இருக்கிறான். நம்ப ஆசைப்படுகிறவன், நம்பவும் செய்கிறவன், ஆனால் முழுசாக முடியாமல் தவிக்கிறவன். சுவிசேஷங்கள் அதிகம் பேசுவது இவனைப் பற்றித்தான்.

மாற்கு சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வருகிறான். அவனுக்குப் பெயர் இல்லை. எந்த ஊர், என்ன தொழில் என்ற தகவலும் இல்லை. பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரையும் அழைத்துக்கொண்டு மலைமேல் போயிருந்த இயேசு இறங்கி வருகிறார். கீழே பெருங்கூட்டம். மற்றச் சீடர்களும் வேதபாரகர்களும் காரசாரமாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எதைப் பற்றி வாதம் என்று இயேசு கேட்கிறார். வாதாடியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. கூட்டத்துக்குள்ளிருந்து பதில் சொன்னவன் அந்தத் தகப்பன். பிள்ளைக்குப் பேச்சு வராது, ஆவி பிடித்துத் தள்ளுகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு விறைத்துப்போகிறான், உம்முடைய சீடர்களிடம் கேட்டேன், அவர்களால் ஆகவில்லை என்கிறான்.

பிள்ளையைக் கொண்டுவருகிறார்கள். கொண்டுவந்த இடத்திலேயே விழுந்து, நுரை தள்ளிப் புரள்கிறான். அந்த நிலையில் இயேசு உடனே கை வைக்கவில்லை. எத்தனை காலமாக இப்படி என்று விசாரிக்கிறார். சின்ன வயதிலிருந்தே, நெருப்பிலும் தண்ணீரிலும் பலமுறை தள்ளியிருக்கிறது என்கிறான் தகப்பன். இந்த ஒரு பதிலில் அந்த வீட்டின் கதை முழுவதும் இருக்கிறது. அடுப்பு எரிகிற நேரமெல்லாம் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தவன் அவன். கிணற்றடிக்குப் பிள்ளையைத் தனியே விட்டிருக்க மாட்டான். உம்மால் ஏதாவது முடிந்தால் இரக்கம் காட்டும் என்று கெஞ்சுகிறான். அந்த ‘முடிந்தால்’ என்ற சொல்லை இயேசு பிடித்துக்கொள்கிறார். நம்புகிறவனுக்கு ஆகாதது இல்லை என்கிறார். அப்போதுதான் அவன் கதறுகிறான்: தான் நம்புவதாகவும், தன்னுடைய நம்பாமை நீங்கத் துணை நிற்கும்படியும் ஒரே மூச்சில் சொல்கிறான்.

மத்தேயுவும் லூக்காவும் இதே சம்பவத்தை எழுதியிருக்கிறார்கள். ஆனால் இந்தக் கதறல் மாற்குவிடம் மட்டுமே உண்டு. மாற்கு இல்லாவிட்டால் இப்படி ஒரு வாக்கியத்தை ஒருவன் கடவுளிடம் சொல்லலாம் என்பதே திருச்சபைக்குத் தெரியாமல் போயிருக்கும். நம்பாமை தீர்ந்த பிறகு வா என்று அவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. பாதி விசுவாசத்துக்குப் பாதிக் குணம் என்றும் அளக்கவில்லை. பிள்ளையைக் கைப்பிடித்துத் தூக்கினார், அவன் எழுந்து நின்றான்.

வீட்டுக்குள் போன பிறகு சீடர்கள் தனியாகக் கேட்கிறார்கள், எங்களால் ஏன் ஆகவில்லை என்று. ஜெபம் இல்லாமல் இது ஆகாது என்பது மாற்குவில் வரும் பதில். மத்தேயுவில் பதில் இன்னும் நேரடியானது: உங்கள் விசுவாசம் குறைவு. கடுகு விதையளவு விசுவாசம் என்ற பேச்சும் அங்கே வருகிறது. விசுவாசம் குறைவு என்ற குற்றச்சாட்டு விழுந்தது யார்மேல்? குணமாக்கப் புறப்பட்ட சீடர்கள்மேல்! பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்த தகப்பன்மேல் அல்ல.

இன்று சில மேடைகளில் இந்தக் கணக்கு தலைகீழாக நடக்கிறது. பேருந்து நிலையச் சுவரெல்லாம் ஊழியரின் படம். சுகமளிக்கும் கூட்டம், இலவச அனுமதி, வாகன வசதி உண்டு. நோய் தீர்ந்தால் அது ஊழியர் பெற்ற வரம், மறுநாளே மைக்கில் சாட்சி. தீராவிட்டால் நோயாளிக்கு விசுவாசம் போதாது. லாபம் ஊழியருக்கு, நஷ்டம் நோயாளிக்கு. இப்படி ஒரு வியாபாரம் சந்தையில்கூட நடக்காது. வாரம் இருமுறை டயாலிசிஸுக்குப் போய்வருகிற ஒரு தாயிடம், உன் அவிசுவாசம்தான் தடை என்று சொல்லி அனுப்புகிறவருக்கு, அவளுடைய சிறுநீரகத்தைப் பற்றியும் தெரியாது, வேதத்தைப் பற்றியும் தெரியாது. பெயர் சொல்ல வேண்டிய தேவை இல்லை. சுவரொட்டி படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும்.

இந்த மேடைகள் காட்டும் ஆதாரம் ஒன்று உண்டு. நாசரேத்தில் அவிசுவாசம் மிகுந்திருந்ததால் இயேசுவால் பெரிய செயல்களைச் செய்ய முடியவில்லை என்று மாற்கு ஆறாம் அதிகாரத்தில் எழுதுகிறார். எழுதியது உண்மை. ஆனால் சில நோயாளிகள்மேல் கைவைத்துக் குணமாக்கினார் என்பதும் அதே இடத்தில் இருக்கிறது, அதை வாசிப்பதில்லை. மறுப்பு இருந்தது சொந்த ஊர்க்காரர்களிடம், நம்ம தச்சன்தானே என்ற இளக்காரத்தில். யோவான் ஐந்தாம் அதிகாரத்தில் பெதஸ்தா குளக்கரையில் 38 ஆண்டு நோயோடு கிடந்தவனின் விசுவாசம் எவ்வளவு? தன்னைக் குணமாக்கியவர் யார் என்றே அவனுக்குத் தெரியாது! கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனின் கதையில் இயேசு கண்டது தூக்கிவந்தவர்களின் விசுவாசத்தை. படுத்துக் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட எழுதப்படவில்லை.

பவுல் கதை இதைவிடப் பெரிது. உடம்பில் ஒரு முள் இருப்பதாகவும், அது நீங்கும்படி மூன்றுமுறை வேண்டியதாகவும், நீங்கவில்லை என்றும் கொரிந்தியருக்கு அவரே எழுதினார். பவுலின் பெயரிலுள்ள நிருபங்களில் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்லப்படுகிறது. துரோப்பீமு நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவரப்படுகிறான். இவர்களுக்கும் விசுவாசம் போதவில்லை என்று எந்த மேடை சொல்லும்?

பழி விழுந்த இன்னொருவர் தோமா. இரண்டாயிரம் ஆண்டாகச் சந்தேகத் தோமா என்றே பெயர். இயேசு உயிர்த்தெழுந்த அன்று சீடர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தபோது அவர் அங்கே இல்லை. காயங்களைப் பார்க்காமல், தொடாமல் நம்ப மாட்டேன் என்றார். மற்றவர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? அவர்களுக்குக் கையையும் விலாவையும் காட்டிய பிறகே சந்தோஷப்பட்டார்கள் என்று யோவான் அதே அதிகாரத்தில் எழுதுகிறார். கல்லறைக்குப் போய்வந்த பெண்கள் சொன்னதை அப்போஸ்தலர்கள் வெறும் பிதற்றல் என்று தள்ளியதை லூக்கா எழுதுகிறார். மற்றவர்களுக்குக் கேட்காமலே கிடைத்ததைத் தோமா வாய்விட்டுக் கேட்டார். அவர் செய்த தப்பு அவ்வளவே. இயேசுவோடு செத்துப்போக நாமும் போவோம் என்று யோவான் பதினோராம் அதிகாரத்தில் துணிந்தவரும் இதே தோமாதான். அது யார் நினைவிலும் நிற்பதில்லை.

எட்டு நாள் கழித்து மறுபடியும் பூட்டிய கதவு. இந்தமுறை தோமா உள்ளே இருக்கிறார். தொட்டுப் பார் என்ற அழைப்பு வருகிறது. அவர் தொட்டார் என்று யோவான் எழுதவில்லை. 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ, தோமா காயத்துக்குள் விரலை விட்டுப் பார்ப்பதாகத் தீட்டிய படம் உலகப் புகழ் பெற்றதால், அவர் தொட்டார் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுவிசேஷத்தில் இருப்பது அவருடைய வாய்ச்சொல் மட்டும்: இயேசுவை ஆண்டவர் என்றும் கடவுள் என்றும் அழைத்துவிட்டார். அந்தச் சுவிசேஷத்தில் சீடர் ஒருவர் செய்த அறிக்கைகளில் இதுதான் உச்சம். காணாமல் நம்புகிறவர்களே பேறுபெற்றவர்கள் என்ற சொல் அதன் பிறகு வருகிறது. ஆனாலும் கேட்டவருக்குக் காட்டிய பிறகே அந்தச் சொல் வந்தது.

அந்தத் தோமா கி.பி. 52-இல் இந்தியாவுக்கு வந்தார், மயிலாப்பூர்ப் பக்கம் கொல்லப்பட்டார் என்பது கேரளக் கிறிஸ்தவர்களும் தமிழகக் கிறிஸ்தவர்களும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் மரபு. வரலாற்றாய்வாளர்கள் எல்லாரும் அதை ஏற்பதில்லை. போர்ச்சுக்கீசியர் பரங்கிமலை உச்சியில் அவர் பெயரால் கட்டிய ஆலயம் இன்றும் இருக்கிறது. சென்னையில் சாந்தோம் என்று தினமும் ஆயிரம் பேர் பஸ் டிக்கெட் கேட்கிறார்களே, அந்த ஊர்ப் பெயரும் அவருடையதே.

அப்போஸ்தலர் காலம் தொடங்கி வந்த வாதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற ஆதியாகம வசனத்தைப் பவுல் எடுத்து, கிரியையால் அல்ல, விசுவாசத்தால் மனிதன் நீதிமானாகிறான் என்றார். யாக்கோபு அதே வசனத்தை எடுத்து, கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்றார். 386-இல் மிலான் தோட்டத்தில் மனம் மாறிய அகுஸ்தீன், விளங்கிக்கொள்ள வேண்டுமானால் முதலில் நம்பு என்று கற்பித்தார். 11-ஆம் நூற்றாண்டில் ஆன்செல்ம் அந்த வழியிலேயே, விசுவாசம் விளக்கத்தைத் தேடிப் போகும் என்றார். லூத்தர் பவுலைப் பிடித்துக்கொண்டு 1522-இல் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று எழுதினார். 1547-இல் திரெந்து சங்கம் அவருக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக ஐக்கியமும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டது 1999 அக்டோபர் 31, ஆக்ஸ்பர்க் நகரில். நானூற்றைம்பது வருஷத்துக்கு மேல் சண்டை! இத்தனை சண்டையிலும், மாற்கு எழுதிய அந்தத் தகப்பன் சீர்திருத்த இறையியலார் கால்வினிடம் தப்பிவிட்டான். சந்தேகமே தொடாத விசுவாசம் என்று ஒன்று விசுவாசிகளிடம் கிடையாது, அவர்கள் தங்கள் அவிசுவாசத்தோடு ஓயாமல் போராடுகிறவர்கள் என்று தம் பெருநூலின் மூன்றாம் புத்தகத்தில் கால்வின் எழுதினார்.

இந்தப் போராட்டம் புனிதர்களையும் விட்டதில்லை. லிசியே நகரின் தெரேசா 24 வயதில் காசநோயால் இறந்த பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி. 1896 ஈஸ்டர் தொடங்கி 1897 செப்டம்பரில் சாகும்வரை, மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா என்ற இருட்டு அவரை விட்டு நீங்கவில்லை. மடத்தில் இருந்தவர்கள் அவரைச் சிரித்த முகத்தோடுதான் பார்த்தார்கள். கொல்கத்தா அன்னை தெரேசா தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வந்தபோது உலகமே அதிர்ந்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கடவுளின் அருகாமையை அவர் உணரவில்லை. நாத்திக எழுத்தாளர்கள் சிலர் இதைக் கையில் எடுத்துக்கொண்டு, பார்த்தீர்களா, அவரே நம்பவில்லை என்றார்கள். அவர்களும் சுவரொட்டி ஊழியர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி: சந்தேகம் வந்தால் விசுவாசம் போயிற்று! கத்தோலிக்கத் திருச்சபை அந்தக் கடிதங்கள் வெளியான பிறகு, 2016 செப்டம்பர் 4-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. உணர்வு வற்றிய பிறகும் காலை ஜெபத்துக்கு எழுந்ததும், தொழுநோயாளியின் புண்ணைக் கழுவியதும் விசுவாசம் என்றே அது கணக்கெடுத்தது. பிசாசிடம் இல்லாத அந்த மூன்றாம் படி இதுதான்.

கடைசியாக, கடவுளே இல்லை என்கிறவர்கள். 1965 டிசம்பர் 7-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஆவணம், நாத்திகத்தை நம் காலத்தின் மிகப் பெரிய பிரச்சினைகளில் ஒன்று என்றது. திட்டிவிட்டுப் போகவில்லை. நாத்திகம் பிறப்பதில் விசுவாசிகளுக்கும் கணிசமான பங்கு உண்டு, தவறாகப் போதிப்பதாலும் ஒழுங்காக வாழாததாலும் அவர்கள் கடவுளின் முகத்தை மறைக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டது. அது அந்த ஆவணத்தின் 19-ஆம் பத்தி. நோயாளியின் விசுவாசத்தை அளந்து பார்க்கிற ஊழியர்கள், எந்தச் சபையைச் சேர்ந்தவர்களானாலும், அதை ஒருமுறை படித்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு மைக்கைப் பிடிக்கட்டும்.