நாற்பது வயதுக்குப் பிறகு சைக்கிள்: எந்த வண்டி வாங்குவது?

(குடும்ப நலக் கூட்டத்தில் தாடிக்கொம்பு சைக்கிள் கடைக்காரர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

பஞ்சர் ஒட்டுகிறவனுக்கு மைக் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கொஞ்ச நாளாகக் கடைக்கு வருகிற ஆட்கள் மாறிவிட்டார்கள். முன்பு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். இப்போது நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் வருகிறார்கள். சுகர் இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொல்கிறார், நடந்தால் முட்டி வலிக்கிறது, சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். சைக்கிளில் உடம்பின் பாரத்தை சீட் தாங்கிக்கொள்கிறது, முட்டி தாங்குவதில்லை. நெஞ்சு வலி வந்தவர்கள், ஆபரேஷன் செய்தவர்கள் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கவலை வேறு. பாதிப் பேர் வண்டியை வாங்கிய பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். தடி டயர், முன்னால் ஷாக் அப்சார்பர், பதினெட்டோ இருபத்தொன்றோ கியர், மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது, குனிந்து ஓட்ட வேண்டிய ஹேண்டில். மகன் போனில் பார்த்து ஆர்டர் போட்டிருப்பார். இரண்டு மாதத்தில் அந்த வண்டி மாடிப்படிக்குக் கீழே நிற்கும், மேலே துண்டு காயும். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். "நமக்கு இனிமேல் சைக்கிள் சரிப்படாது" என்று அந்த மனிதர் முடிவு கட்டிவிடுகிறார் பாருங்கள், அதுதான் நஷ்டம்.

நம் ஊர் சமதரை. இங்கிருந்து திண்டுக்கல் போய் வர கியர் தேவையே இல்லை. சிறுமலைக்குப் பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறப் போகிறவருக்கு வேண்டும். ஃபஜ்ர் தொழுதுவிட்டு ஊரைச் சுற்றி வருகிறவருக்கு எதற்கு? ஆடிக் காற்று எதிரே அடிக்கும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும். வாங்கட்டுமே, அதற்குத்தானே ஓட்டுகிறோம்.

இருபது வருடம் கழித்து ஏறுகிறவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நடுவில் பார் இல்லாத வண்டி. லேடீஸ் சைக்கிள் என்று சொல்கிறோமே, அதே வண்டி, ஆண்களுக்கும்தான். ஏறும்போது காலைத் தூக்கிப் பின்னால் வீச வேண்டாம். தடுமாறினால் உடனே இரண்டு காலையும் தரையில் ஊன்றலாம். ஹேண்டில் உயரமாக இருப்பதால் நிமிர்ந்து உட்காரலாம், மணிக்கட்டு மரத்துப் போகாது. சொன்னால் ஆண்கள் சிரிக்கிறார்கள். சிறுவயதில் அத்தாவின் பெரிய சைக்கிளில் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டவர்கள்தானே நாமெல்லாம்? அப்போது வராத வெட்கம் இப்போது எங்கிருந்து வந்தது?

பெண்கள் விஷயத்தில் இதற்கு நேர்மாறான ஒரு கதை உண்டு. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். பத்திரிகையாளர் சாய்நாத் அங்கே போய் எழுதியதில், கட்டுப்பாடான குடும்பங்களைச் சேர்ந்த முஸ்லிம் இளம்பெண்களும் சாலையில் சைக்கிள் ஓட்டிப் போனதைப் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அந்தப் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கிக்கொண்டார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தது. ஏன் தெரியுமா? பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்! தண்ணீர் கொண்டுவர, விளைபொருளைக் கொண்டுபோய் விற்க, பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் போய் வர என்று தங்களுக்கு என்ன வேலை இருக்கிறதோ, அதைப் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயரைப் பார்க்கவில்லை.

நம் தாய்மார்கள் புர்கா, சேலையோடு ஓட்டுவதாக இருந்தால் இரண்டு பொருளில் சமரசம் செய்யாதீர்கள். செயினை முழுதாக மூடுகிற கவர் ஒன்று, பின்சக்கரத்தின் பக்கவாட்டில் சேலை கார்டு ஒன்று. புது மாடல்களில் பலவற்றில் இவை இரண்டும் இருப்பதில்லை. துணி சக்கரத்தில் சிக்கினால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும், ஆள் கீழே விழுவார்.

வாங்குவதற்கு முன்னால் உங்கள் வீட்டிலேயே ஒரு முறை தேடிப் பாருங்கள். 2001-இல் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பிறகு எல்லாப் பிரிவுப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கும் வந்தது. மகள் கட்டிக்கொடுத்துப் போயிருப்பார், அவர் வண்டி கொல்லையில் கோழிக்குக் கூடாரமாக நிற்கும். ஃபிரேம் விரிசல் இல்லாமல், ரிம் துருப்பிடித்து ஓட்டை விழாமல் இருந்தால் போதும். டயர், டியூப், பிரேக் கட்டை மாற்றி, பால்ரஸைக் கழுவி கிரீஸ் வைத்து, ரிம் கோட்டம் எடுத்தால் ஓடும். புது வண்டி விலையில் ஒரு பங்குதான் செலவாகும். மூன்று மாதம் அதில் ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டுவீர்கள் என்று உங்களுக்கே தெரிந்த பிறகு புதிது வாங்கலாம். அதையும் வட்டி கட்டித் தவணையில் வாங்காதீர்கள்.

சீட் உயரத்தில்தான் நிறையப் பேர் முட்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். முதல் ஒரு வாரம் பயம் தெளிகிற வரை தாழ்வாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உயர்த்திவிட வேண்டும். அளவு எளிது. சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள், அப்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். கடையில் வண்டியைப் பார்த்தால் மட்டும் போதாது, ஏறி ஒரு தெரு ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

இன்னொன்று, காற்று. நம் பக்கம் சீமைக்கருவேல முள் இல்லாத பாதை ஏது? காற்றுக் குறைந்த டயர் மிதிப்பதற்கும் பாரம், கல்லிலோ பள்ளத்திலோ இடித்தால் டியூபும் நசுங்கும். வாரம் ஒரு முறை அடிக்க வேண்டும். பழைய மாதிரி சைக்கிள் வால்வுக்கு பங்க் ஏர் மெஷின் நேராகப் பொருந்தாது, கைப்பம்புதான். தடி டயர் வண்டிகளில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் வால்வு இருக்கும். எது உங்களுடையது என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சுகர் உள்ளவர்கள் ரப்பர் செருப்போடு ஓட்ட வேண்டாம், ஷூ போடுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குப் பெடல் உரசிய காயம் தெரியாது. மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பத்து நிமிடம் போதும், ஊருக்குள் இருக்கும் தெருக்களிலேயே. நான்கு வழிச் சாலைப் பக்கம் போகவே வேண்டாம். இருட்டோடு கிளம்புகிறவர்கள் பின்னால் சிவப்பு விளக்கு மாட்டாமல் கிளம்பக் கூடாது.

வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு உருட்டிக்கொண்டு வாருங்கள். தேறுமா தேறாதா என்று பார்த்துச் சொல்கிறேன், அதற்குக் காசு வேண்டாம்.