நிறம் ஒன்று, பாம்பு வேறு

நம் முன்னோர் தமிழகத்திலிருந்து இங்குள்ள தோட்டங்களுக்கு வந்தபோது, பாம்புகளைப் பற்றிய அறிவையும் உடன் கொண்டு வந்தார்கள். நல்ல பாம்பென்றால் படத்தின் பின்புறத்தில் மூக்குக்கண்ணாடி போன்ற அடையாளம் இருக்கும் என்பது அதில் ஒன்று. தமிழகத்தில் அது பெரும்பாலும் பொருந்தும். கோலசிலாங்கூரில் பொருந்தாது.

இங்கே செம்பனைத் தோட்டங்களில் காணும் நாகம், வளர்ந்தபின் ஒரே கறுப்பு. படத்தில் கண்ணாடி அடையாளம் கிடையாது. குட்டிக்கோ கழுத்தில் வெளிறிய பட்டைகள் இருக்கும். தாயும் குட்டியும் வெவ்வேறு இனம் போலத் தோன்றும். அடையாளம் இல்லையே, சாரைதான் என்று நெருங்குவது ஆபத்து. இந்த நாகம் எட்ட இருந்தே கண்ணை நோக்கி நஞ்சைப் பீச்சும்.

இனி, கறுப்பும் மஞ்சளுமான இரண்டு பாம்புகளைப் பார்ப்போம். ஒன்று பட்டைக் கட்டுவிரியன். மற்றொன்று, ஆற்றோரத்துப் பாக்காவ் மரக்காடுகளில் வாழும் மரப்பாம்பு.

கட்டுவிரியனின் கறுப்புப் பட்டையும் மஞ்சள் பட்டையும் ஏறக்குறைய ஒரே அகலம். அவை வயிற்றையும் சுற்றி முழு வளையமாக இருக்கும். முதுகு கூரைமுகடு போல் உயர்ந்திருக்கும். வால் நுனி மழுங்கியிருக்கும். இது தரையில் வாழ்வது, இரவில் இரை தேடுவது. மரப்பாம்பின் உடல் பெரும்பாலும் கறுப்பு. மஞ்சள் கோடுகள் ஒடுங்கியவை. வயிற்றைச் சுற்றி வருவதில்லை. உதடு மஞ்சள்; வால் நீண்டு கூர்மையாக இருக்கும். பகலில் கிளையில் சுருண்டு கிடக்கும்.

மரப்பாம்பின் நஞ்சு கடுமை குறைந்தது. கட்டுவிரியனின் நஞ்சோ மூச்சையே நிறுத்திவிடக் கூடியது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் இராது. அதனால் பலர் அலட்சியமாக இருந்துவிடுவார்கள். பிறகு கண் இமை தொங்கும், பேச்சுக் குழறும், மூச்சுத் திணறும்.

இவ்வளவு வேறுபாடு சொன்னது எதற்காக? கிட்டப் போய்ச் சரிபார்ப்பதற்காக அல்ல. அந்தி வெளிச்சத்தில், புல் மறைவில், அனுபவசாலியும் தவறிவிடுவார். பிள்ளைகளிடம் ஒரே விதி சொல்லுங்கள்: எந்த நிறமானாலும் தொடாதே, துரத்தாதே, பெரியவர்களைக் கூப்பிடு. பெரியவர்கள் 999-ஐ அழைத்துப் பொம்பாவின் உதவியைக் கேட்கலாம்.

கடித்துவிட்டால் கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம். மோதிரம், வளையல்களைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவது போல், கடிபட்ட கையையோ காலையோ சட்டம் வைத்து அசையாமல் வைத்து, உடனே அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கண்ணில் நஞ்சு பட்டால் கசக்காமல், நிறையத் தண்ணீர் விட்டு நெடுநேரம் கழுவிய பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. பாதுகாப்பான தூரத்திலிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். படத்தைக் கொண்டு இனத்தைக் கண்டறிந்து மருத்துவருக்கு ஆலோசனை கூறும் வல்லுநர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். பெயர் சொல்வது அவர்கள் வேலை. விலகி நிற்பது நம் வேலை.