காமன் கூத்தின் தப்பு: ஓர் இரவை அடி அடியாகக் கேட்டல்



கலஹாவிலிருந்து கண்டிக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் சிலர் பஸ்ஸில் 'டிரான்ஸ்' என்றோர் இசையைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். 1990களில் ஜெர்மனியின் நடன அரங்குகளிலும், நமக்குப் பக்கத்தில் கோவாவின் அஞ்சுனா கடற்கரையிலும் வளர்ந்த மின்னிசை அது. நிமிடத்துக்கு 130, 140 அடி என்று ஒரே தாளம் விடாமல் ஓடும். அதன்மேல் ஒவ்வோர் ஒலியாக வந்து ஏறும். ஓரிடத்தில் தாளம் சட்டென்று நிற்கும். அது திரும்ப விழும்போது கூட்டமே துள்ளும். நெதர்லாந்துக்காரரான ஆர்மின் வான் பியூரன் இந்த இசைக்கென்றே 2001 முதல் வாரந்தோறும் வானொலி நிகழ்ச்சி நடத்தி வருகிறார். புதிய தொகுப்பு ஒன்று வந்தால் ரசிகர்கள் பாட்டுப் பாட்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள். முதலாவது சுமார், நாலாவது அபாரம், ஏழாவது இழுவை என்று தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள்.

அதே காதோடும் அதே கண்டிப்போடும் நம் தேயிலைத் தோட்டத்துத் தப்பு மேளத்தைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு இன்று, காமனைச் சிவன் எரித்த கதையை ஆடும் மாசி மாதக் காமன் கூத்தின் கடைசி இரவை எடுத்துக்கொள்கிறேன். அந்த இரவை ஒரு தொகுப்பாக எண்ணி, ஒவ்வொரு கட்டத்திலும் அடி எப்படி விழுகிறது, எங்கே உயிர் இருக்கிறது, எங்கே தொய்கிறது என்று பார்ப்போம். வேடங்கள் வரும் வரிசை தோட்டத்துக்குத் தோட்டம் சற்று மாறும். நான் கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துக் காதோடு பேசுகிறேன்.

இந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்தூர நமக்கு எட்டிய தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் தேயிலைக்கு முன்னரே, கோப்பிக் காலத்திலேயே, தப்பு இந்த மலைகளுக்கு வந்துவிட்டது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்துவந்த சனம் சாமியையும் கூத்தையும் கூடவே கொண்டுவந்தது. தோட்டத்துரைமார் அதே தப்பை விடியற்காலையில் ஆட்களை எழுப்பவும் வேலைக்கு ஆள் சேரும் பிரட்டுக்களத்துக்குக் கூப்பிடவும் பயன்படுத்தினார்கள். விடிந்தால் வேலைக்கு அழைத்த தோல்தான் மாசியில் சாமியை அழைத்தது. இந்த இசையைக் கேட்கும்போது அந்த இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் கட்டம், தப்பைக் காய்ச்சுவது. இதையும் இசையில் சேர்ப்பதா என்று கேட்பீர்கள். கட்டாயம் சேர்க்க வேண்டும். மரச்சட்டத்தில் இழுத்து ஒட்டிய கன்றுத்தோல் ஈரக்காற்றில் தொய்ந்துவிடும். நம் பக்கத்து மாசி இரவில் பனி எப்படி இறங்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைக்கோலையும் காய்ந்த தேயிலைக் குச்சியையும் போட்டுக் கொளுத்தி, தப்பின் முகத்தை அனலுக்குக் காட்டி, திருப்பித் திருப்பிச் சூடேற்றுவார்கள். நடுவிரலால் ஒரு சுண்டு. 'தொப்' என்றால் மறுபடி அனலுக்குப் போக வேண்டும். 'டங்' என்று கணீரென்றால் தோளில் மாட்டலாம். ஒருவர் காய்ச்சும்போது மற்றவர் அடிப்பார். ஆக அந்த இரவின் இசைக்கு எங்கே ஓய்வு, எங்கே எழுச்சி என்பதைப் பாதி பனிதான் தீர்மானிக்கிறது. இரண்டு தப்பு நெருப்பருகே போய், ஒன்று மட்டும் கூத்து நடக்கும் பொட்டலில் ஒலிக்கிற அந்த மெலிந்த நேரமும், அவை சூடாகத் திரும்பிவந்து மூன்றும் சேர்கிற நேரமும் காதுக்குத் தருகிற மாற்றத்தை எந்தக் கருவியில் எந்தப் பொத்தானை அமுக்கியும் பெற முடியாது. இப்போது தோலுக்குப் பதிலாக ஃபைபர் முகம் போட்ட தப்புகள் வந்துவிட்டன. காய்ச்ச வேண்டாம், மழைக்கும் பயமில்லை, வசதிதான். ஆனால் அந்த முகத்தில் மேல் ஒலி மட்டும் கூர்மையாக நிற்கிறது. நடுவில் அடித்தால் நெஞ்சுக்குள் இறங்க வேண்டிய அடியொலி இல்லை. சாமிக்கு அடிக்கிற தப்பாவது தோலாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்து அழைப்பு. கூத்து தொடங்குமுன் சனம் குடியிருக்கும் லயங்களைப் பார்த்து அடிக்கிற அடி. இது எளிமையானது, நீளமும் இல்லை. வலக்கையில் கட்டைக்குச்சி நடுமுகத்தில் விழ, இடக்கையில் நீண்ட மெல்லிய சிம்புக்குச்சி ஓரத்தில் படபடக்கிறது.   மலைச்சரிவில் இந்த ஒலி மோதித் திரும்பி வருவதால் ஒரே அடி இரண்டாகக் கேட்கும். நல்ல கலைஞர் அந்த எதிரொலிக்கு இடம்விட்டு அடிப்பார். அவசரக்காரர் அதையும் மூடி அடித்துவிடுவார். ஒரு தப்புக் குழுவின் தரத்தை நான் இங்கேயே ஓரளவு கணித்துவிடுவேன்.

ரதியும் காமனாகிய மதனும் பொட்டலுக்கு வருகிறார்கள். இருவருமே ஆண்கள்தான் கட்டுகிற வேடம். மூன்று மூன்றாக நடக்கிற நடையில் தப்பும் மத்தளமும் ஜால்ராவும் சேர்கின்றன. கூத்து வாத்தியார் ஓர் அடி பாட, பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். பொட்டலில் ஊன்றிய காமன் கம்பத்தைச் சுற்றி ஆட்டம். ஆடுகிறவர்களின் சலங்கையும் ஒரு வாத்தியம் என்பதை மறக்கக்கூடாது. கால் தப்பினால் தப்பு அதை மூடிக்கொடுக்கும், தப்பு தடுமாறினால் சலங்கை பிடித்து நிறுத்தும். இந்தக் கட்டம் அழகானது. இதில் யாருக்கும் அருள் வராது, வரவும் தேவையில்லை. சனம் உட்கார்ந்து, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு, தேத்தண்ணி குடித்தபடி பார்க்கிற இசை இது.

இதன் பின் வரும் ரதி மதன் தர்க்கத்தை நான் குறை சொல்லியே ஆக வேண்டும். கெட்ட கனவு கண்டேன், போகாதே என்று ரதி தடுக்க, சிவன்மேல் அம்பு விடச் சொல்லும் தேவர்களின் ஓலையை மதிக்காமல் இருக்க முடியாது என்று மதன் மறுக்கிற பகுதி அது. பாட்டு வளமானதுதான். தஞ்சாவூர்ப் பக்கத்தில் காமன் எரிந்தானா எரியவில்லையா என்று இரு கட்சியாக நின்று இலாவணி பாடுகிற மரபின் உறவு இதில் தெரிகிறது. ஆனால் இப்போது பல இடங்களில் தர்க்கத்தைப் பேச்சாகவே நீட்டி, நடுநடுவே சினிமாப் பகிடியைச் சேர்த்துவிடுகிறார்கள். தப்புக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தோல் குளிர்ந்துவிடுகிறது. கேட்கிற நமக்கும் குளிர்ந்துவிடுகிறது. தூதன் ஓலை கொண்டு ஓடிவருகிற இடத்தில் அடி மறுபடி வேகம் பிடிக்கும், அது ஒரு சிறு மீட்சி. இந்தக் கட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் இரவு முழுவதும் மேம்படும்.

இனி வீரபத்திரன். தக்கனின் யாகத்தை அழிக்க வருகிற ஆவேசம். நடுச்சாமத்தில் இந்த வேடம் பொட்டலில் இறங்கும்போதுதான் தப்பு தன் முழு பலத்தைக் காட்டுகிறது. உறுமி கிடைத்த இடங்களில் அதன் ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்து எழுப்புகிற அந்த ஓலமும் சேரும். அடி முதலில் மெதுவாக, சம இடைவெளியில் விழும். வேகம் கூடுவது உடனே தெரியாது. கட்டைக்குச்சி அதே இடத்தில் நிற்க, சிம்பு மட்டும் இரண்டாக, நாலாகப் பிளக்கும். பிறகு கட்டைக்குச்சியும் நெருங்கும். தப்புக்காரர்கள் ஆடுகிறவரின் முகத்தருகே குனிந்து, அவர் கண்ணையும் காலையும் பார்த்தபடி அடிப்பார்கள். அவர் உடம்பு உதறத் தொடங்கிய நொடியில் அடி ஒரு படி மேலே போகும். இடுப்பில் கட்டிய துண்டைப் பின்னாலிருந்து நாலு பேர் இழுத்துப் பிடிப்பார்கள். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு அம்மாவுக்கு, ஒரு தங்கச்சிக்கு அருள் வந்துவிடும்.

இது எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ நெஹர் என்ற ஆய்வாளர், சீரான முழவொலி மூளையின் அலைகளையே தன் வேகத்துக்கு இழுத்துவிடுகிறது என்று விளக்கம் சொன்னார். பிரான்சின் இசை ஆய்வாளர் ழில்பேர் ரூஜே 1980இல் வெளியிட்ட பெரிய நூலில் அதை மறுத்தார். முழவொலிதான் காரணம் என்றால் முழவு கேட்கிற எல்லாருமே ஆண்டு முழுவதும் ஆடிக்கொண்டிருக்க வேண்டுமே என்பது அவர் கேள்வி. அந்த அடிக்கு அந்தச் சனம் கொடுத்திருக்கிற பொருள், அந்தச் சடங்கு, அதில் ஒருவருக்கு உள்ள இடம், இவை சேர்ந்துதான் அருள் என்பது அவர் முடிவு. நான் ரூஜேயின் பக்கம். பொட்டலில் தப்புக்கு மிக அருகில், காது அடைக்கிற தூரத்தில் நிற்பவர் தப்புக்காரர். அவருக்கு அருள் வருவதில்லை. வந்தால் அந்த இரவு கெட்டுவிடும். அவ்வளவு சத்தத்துக்கும் ஆவேசத்துக்கும் நடுவில் தெளிந்த புத்தியோடு, யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று அளந்து கொடுக்கிறவர் அவர் ஒருவர்தான். அந்த நிதானத்துக்காகவே இதைப் பெருங்கலை என்கிறேன்.

விடியலுக்கு முன் மதன் அம்பு விடுகிறான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க, கம்பத்தில் நெருப்பு ஏறுகிறது. அதுவரை ஓடிய அடி அறுந்து, சாவு வீட்டு அடி தொடங்குகிறது. ரதியின் ஒப்பாரி. தோட்டத்தில் எல்லாருக்கும் அந்த அடி தெரியும். அப்பாவைத் தூக்கியபோது கேட்டது, பிள்ளையைப் புதைத்தபோது கேட்டது. அதனால் ரதி அழுகிற இடத்தில் பெண்கள் அவரவர் சாவுக்கு அழுகிறார்கள். வேடக்காரரின் குரல் கம்மினாலும் குறையில்லை, தப்பு இடைவெளி விட்டு விட்டு விழுந்தால் போதும். என் தீர்ப்பில் அந்த இரவின் உச்சம் இதுதான். வீரபத்திரன் கட்டத்தில் வேகம் இருக்கிறது. இங்கே ஒவ்வோர் அடிக்கும் நடுவில் உள்ள மௌனத்தைத் தாங்குகிற கை வேண்டும். இளம் கலைஞர்கள் பலர் அந்த மௌனத்தை நிரப்பிவிடுகிறார்கள். மூத்தவர்கள் அடிப்பதைப் பக்கத்தில் நின்று கேட்டுப் படித்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

அருள் வந்தவர்களை இறக்குவதும் தப்பின் பொறுப்புதான். சட்டென்று நிறுத்தினால் ஆடுகிறவர் தடாலென்று விழுவார். ஏற்றியதைவிட மெதுவாக, சிம்பைக் குறைத்து, கட்டைக்குச்சியை மட்டும் வைத்துக்கொண்டு, மூச்சு சீராகிறதா என்று பார்த்துப் பார்த்து அடி தணிகிறது. திருநீறு பூசி, சாமி மலையேறிய பின்தான் தப்பு ஓயும். இந்தப் பகுதியைக் கைத்தொலைபேசியில் யாரும் பதிவதில்லை. எல்லாரும் உச்சத்தை முப்பது வினாடி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஒலிபெருக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாத்தியாரின் குரலுக்கு ஒரு மைக் போதும். தப்புக்கு மைக் வைத்து, கீபோர்டையும் மின்தாள 'பேட்'டையும் சேர்த்து, பெரிய பெட்டிகளில் அலறவிட்டால் காய்ச்சிய தோலுக்கும் காய்ச்சாத தோலுக்கும் வித்தியாசமே தெரியாமல் போகிறது. இத்தனை நேரம் நான் சொன்ன நுட்பம் எதுவும் அந்தச் சத்தத்தில் மிஞ்சாது.

அடிப்பவர்களின் நிலையையும் பேச வேண்டும். தப்படிப்பவரைச் சாதியின் பெயரால் கீழே வைத்தோம். சாவு வீட்டில் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம், கூலியாக அரிசியும் சாராயமும் கொடுத்தோம். அதனால்தான் அவர்களின் பிள்ளைகளில் பலர் தப்பைத் தொட மறுத்தார்கள். மறுத்தது நியாயமே. தமிழ்நாட்டில் இந்தக் கதை மாறிவருகிறது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் தப்பின் இன்னொரு பெயரான பறையைத் தோளில் மாட்டி மேடையேறினார்கள். மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மலேசியத் தோட்டங்களில் குடியேறிய நம் உறவுகளிடம் உறுமி மேளம் இளைஞர்களின் இசையாகவே வளர்ந்து, பத்துமலைத் தைப்பூசத்தில் முழங்குகிறது. நம் நாட்டிலேயே பாருங்கள். கண்டிய மேளமும் ஒரு காலத்தில் சாதிக்குள் அடைபட்டுக் கிடந்ததுதான். இன்று கொழும்பில் அதைப் பல்கலைக்கழகப் பாடமாகப் படிக்கிறார்கள். தப்புக்கும் அந்த இடம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டுச் சேர்த்த பாட்டுகள் 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாயின. பாட்டை எழுதி வைக்க முடிந்தது. அடியை அப்படி எழுத முடியாது, பதிவுதான் செய்ய வேண்டும். ஆகவே கலஹா, தெல்தோட்டை, ஹந்தானைப் பக்கத்து இளைஞர்களே, வருகிற மாசியில் உங்கள் தோட்டத்தில் காமன் ஊன்றினால், தப்புக்காரர்களிடம் முறையாகக் கேட்டு, ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து தள்ளி, நெருப்பருகே உட்கார்ந்து, காய்ச்சத் தொடங்கும் நேரத்திலிருந்து கடைசி அடி தணியும் வரை முழு இரவையும் பதிவு செய்யுங்கள். அடித்தவர்களின் பெயர்களை அவர்கள் சம்மதத்தோடு அதில் சேருங்கள். அவர்களுக்குரிய பணத்தைக் காலையிலேயே கையில் கொடுங்கள்.