வண்ணம் திருத்தும் அறையும் திரையும்

திரைப்படம் ஒன்றின் படத்தொகுப்பு முடிந்த பிறகு, அதன் ஒவ்வொரு ஷாட்டின் ஒளியளவையும் வண்ணத்தையும் தனித்தனியே சீர்செய்து, முழுப் படத்துக்கும் பொருந்திய தோற்றத்தைத் தரும் பணி வண்ணச் சீரமைப்பு எனப்படுகிறது. கோடம்பாக்கத்தில் இதனை டி.ஐ. (டிஜிட்டல் இன்டர்மீடியட்) என்றும், இதைச் செய்பவரைக் கலரிஸ்ட் என்றும் வழங்குகின்றனர். இக்கலையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மென்பொருள்களின் பெயர்களில் தொடங்கி அவற்றிலேயே முடிந்துவிடுகிறது. கலரிஸ்ட் எந்தத் திரையை நம்பி, எத்தகைய அறையில் அமர்ந்து முடிவெடுக்கிறார் என்பதைப் பொறுத்தே வேலையின் தரம் அமைகிறது என்பதும், அந்தத் திரைக்கும் அறைக்கும் உரிய கவனம் கிடைப்பதில்லை என்பதும் இங்கு விரிவாகச் சொல்லப்பட வேண்டியவை.

பிலிம் காலத்தில் இந்த வேலை ரசாயனக்கூடத்தில் நடந்தது. நெகட்டிவிலிருந்து பிரதி எடுக்கும் இயந்திரத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளையும் ஷாட்டுக்கு ஷாட் 1 முதல் 50 வரையிலான படிகளில் கூட்டியும் குறைத்தும் வண்ணச் சமநிலையை மாற்றினர். மிக நுட்பமான கண்ணுடையவர்கள் அவ்வேலையில் இருந்தனர். ஆயினும் செய்த மாற்றம் எதுவானாலும் சட்டகம் முழுவதிலும் பரவியது. இலையின் பச்சையை மட்டும் தொட வேண்டும், முகத்தைத் தொடக்கூடாது என்ற விருப்பத்துக்கு அந்த இயந்திரத்தில் வழியில்லை.

அந்த வழி திறந்த கதைக்கு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ தெளிவான சான்றாகும். ஜோயல் கோயனும் ஈதன் கோயனும் உருவாக்கிய அப்படத்தின் கதை 1930-களின் பொருளாதார மந்தக் காலத்து மிசிசிப்பியில் நிகழ்கிறது. வறண்ட, புழுதி படிந்த, பழைய வண்ண அஞ்சலட்டை போன்ற நிலத்தோற்றம் அதற்குத் தேவைப்பட்டது. படப்பிடிப்பு நடந்ததோ கோடைகாலத்தில். அப்போது அம்மாநிலம் அடர்பச்சையாகத் தழைத்திருக்கும். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் ரசாயன முறைகளைச் சோதித்துப் பார்த்தார்; பச்சையைக் காய்ந்த மஞ்சளாக்கும் அளவுக்கு எதுவும் பயன்படவில்லை. ஆகவே சினிசைட் நிறுவனத்தில் நெகட்டிவ் முழுவதும் ஸ்கேன் செய்யப்பட்டு, கணினியில் பச்சை மட்டும் பிரித்தெடுக்கப்பட்டு வைக்கோல் நிறத்துக்கு நகர்த்தப்பட்டு, பின்னர் மீண்டும் பிலிமில் பதிக்கப்பட்டது. முழுநீளப் படம் ஒன்றுக்குத் தொடக்கம் முதல் இறுதிவரை டிஜிட்டல் முறையில் வண்ணம் சீரமைக்கப்பட்ட முதல் ஹாலிவுட் முயற்சிகளில் ஒன்றாக அது பேசப்படுகிறது. மரங்களும் வயல்களும் காய்ந்துபோன அதே சட்டகத்தில் மனிதர்களின் தோல் உயிருடன் இருக்கிறது என்பதில்தான் அப்படத்தின் சிறப்பு உள்ளது. மாற்றத்தின் அளவைவிட, எங்கே மாற்றாமல் நிறுத்துவது என்ற தெளிவு அதில் வெளிப்படுகிறது.

இன்றைய கருவிகள் இதையெல்லாம் எளிதாக்கிவிட்டன. நிழல், இடையொளி, உச்சவொளி ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆளும் மூன்று டிராக்பால்களால் முதல்நிலைத் திருத்தம் நடக்கிறது. குறிப்பிட்ட நிறத்தை மட்டும் பிரித்தெடுக்கும் ‘கீ’, சட்டகத்தின் ஒரு பகுதியை வரைந்து ஒதுக்கும் ‘விண்டோ’, அந்த வரைவை நடிகரின் அசைவோடு நகர்த்தும் ‘டிராக்கிங்’ ஆகியவை இரண்டாம் நிலைக்கு உரியவை. முன்பு சில லட்சம் டாலர் விலையுள்ள தனி இயந்திரமாக விற்கப்பட்ட டாவின்சி என்ற வண்ணச் சீரமைப்புக் கருவி, 2009-இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தின் கைக்கு வந்தபின், மறு ஆண்டே 995 டாலர் மென்பொருளாகவும், 2011-இல் இலவசப் பதிப்பாகவும் கிடைக்கத் தொடங்கியது. ஒரு கலையின் கருவி இவ்வளவு விரைவாக எல்லோர் கைக்கும் எட்டியது பெரும் நன்மையே. ஆனால் நம்பத்தக்க அளவுகோல் திரையின் விலை அவ்வாறு இறங்கவில்லை. உயர்தரத் திரைகள் இன்றும் பல ஆயிரம் டாலர்கள். விளைவாக, சிறந்த மென்பொருளைத் தவறான திரையில் இயக்கும் நிலை பரவலாகிவிட்டது.

அளவுகோல் திரை என்பது படத்தை அழகாகக் காட்டும் திரை அல்ல. பதிவான தரவை வகுத்த தரப்படி மாற்றமின்றிக் காட்டும் திரை. வெளிச்சத்தின் அளவை, சதுர மீட்டருக்கு எத்தனை கேண்டெலா என்று குறிக்கும் ‘நிட்’ எனும் அலகால் சொல்வது வழக்கம். டிஜிட்டல் திரையரங்கில் வெள்ளை நிறத்தின் ஒளி 48 நிட், வழக்கமான தொலைக்காட்சிக்கான வண்ணச் சீரமைப்பில் அது 100 நிட், எச்.டி.ஆர். எனப்படும் மிகுவீச்சுக் காட்சிமுறையில் உச்சவொளி பெரும்பாலும் 1000 நிட் அளவுக்குச் செல்கிறது. ஒரே காட்சி இம்மூன்றிலும் ஒரே உணர்வைத் தர வேண்டுமெனில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே திருத்தம் செய்தாக வேண்டும். அன்றியும், தரப்படுத்திய திரையும் காலப்போக்கில் நகர்ந்துவிடுவதால், அளவீட்டுக் கருவியைத் திரைமுன் வைத்து அவ்வப்போது சரிபார்ப்பது தவிர்க்கக்கூடாத கடமை.

திரை சரியாக இருந்தாலும் பார்க்கும் கண் ஏமாறக்கூடியது. பாரிஸின் கோபலான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்த வேதியியலாளர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரல், நூலில் கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை என்ற குறையை ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, அருகிலிருந்த நீல, ஊதா நூல்களால் கறுப்பு வேறாகத் தோன்றுகிறது என்று கண்டு, 1839-இல் அதை நூலாக வெளியிட்டார். இடத்தால் அருகருகே இருக்கும் நிறங்களுக்கு அவர் கண்ட உண்மை, காலத்தால் அடுத்தடுத்து வரும் ஷாட்களுக்கும் பொருந்துகிறது. நீலம் தோய்ந்த இரவுக்காட்சிக்குப் பின் வரும் சாதாரண அறை, அளவில் நடுநிலையாக இருந்தும் மஞ்சளாகத் தெரியும். சில நிமிடங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் கண் எந்தச் சாயலையும் வெள்ளை என ஏற்றுக்கொண்டுவிடும். வண்ணச் சீரமைப்பு அறையின் சுவர்கள் சாம்பல் நிறமாக இருப்பதும், திரைக்குப் பின்னே பகலொளி நிறத்தில் மெல்லிய விளக்கு எரிவதும் இதனாலேயே. வண்ணம் பூசிய சுவரும் சாளர வெயிலும் உள்ள அறையில் விலையுயர்ந்த திரைக்கும் பயனில்லை.

கண்ணுக்குத் துணையாக வேவ்ஃபார்ம், வெக்டர்ஸ்கோப் ஆகிய அளவீட்டு வரைபடங்கள் உள்ளன. முன்னது ஒளியளவையும் பின்னது நிறத்தின் திசையையும் செறிவையும் காட்டும். வெக்டர்ஸ்கோப்பில் மனிதத் தோலுக்கென ஒரு கோடு உண்டு. கறுத்த தோலும் வெளுத்த தோலும் ஒளியளவிலும் செறிவிலும் பெரிதும் வேறுபட்டாலும், நிறத்தின் திசையில் ஏறத்தாழ அக்கோட்டின் அருகிலேயே அமைகின்றன. அக்கோடு செம்மஞ்சளை ஒட்டியது என்பதால், அதற்கு எதிர்நிறமான நீலப்பச்சையைப் பின்னணியில் ஏற்றினால் முகம் உடனே துலங்குகிறது. இந்த உத்தி தேவையறிந்து கையாளப்படும்போது வலிமையானது. கதை எதுவானாலும் இரவு நீலப்பச்சை, முகம் செம்மஞ்சள் என்று வாய்பாடாக்கிய படங்கள் ஒன்றுபோல் ஒன்று தோன்றி, ஒளிப்பதிவாளர் தேடிப் பிடித்த ஒளியையே அழித்துவிட்டன.

இத்தனை கவனமும் கடைசியில் வீட்டுத் தொலைக்காட்சியிடம் தோற்பதுண்டு. 2019 ஏப்ரலில் வெளியான ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் ‘தி லாங் நைட்’ பகுதி, இருளில் எதுவும் தெரியவில்லை என்ற பெரும் முறையீட்டுக்கு உள்ளானது. அதன் ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், வேண்டுமென்றே இருட்டாக எடுத்ததாகவும், வீட்டுத் திரைகள் சரியாக அமைக்கப்படவில்லை என்றும் பதிலளித்தார். இருதரப்பிலும் நியாயம் உண்டு. இருட்டறையில் துல்லியமான திரையில் புலப்படும் நிழல் நுணுக்கம், கடுமையாகச் சுருக்கப்பட்ட இணைய ஒளிபரப்பிலும் விளக்கெரியும் கூடத்திலும் நிற்காது என்பதைத் தயாரிப்புத் தரப்பு எதிர்பார்த்திருக்க வேண்டும்; சாதாரணத் தொலைக்காட்சி ஒன்றிலும் போட்டுப் பார்த்தபின் இறுதிப்படியை ஒப்புக்கொள்ளும் பழக்கம் இதற்கு ஓரளவு உதவும். அதே ஆண்டு ஆகஸ்டில் யு.எச்.டி. அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு, பல இயக்குநர்களின் ஆதரவோடு ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற அமைப்பை அறிவித்தது. அசைவை வழவழப்பாக்கும் செயற்கைத் திருத்தம், மிகைக் கூர்மை ஆகியவற்றை நிறுத்தி, வெள்ளை நிறத்தைக் கலரிஸ்ட் பார்த்த அதே தரத்துக்கு அது கொண்டுவருகிறது. அண்மையில் தொலைக்காட்சி வாங்கியவர்கள் அதன் அமைப்புப் பட்டியலில் இந்தப் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அது இல்லாத பெட்டிகளில் ‘சினிமா’ அல்லது ‘மூவி’ என்ற தேர்வு பெரும்பாலும் அதற்கு நெருக்கமானது.